கம்பியும் காற்றும்: ஒரு பழுதின் வரலாறு

கோலா கங்சாருக்கு வருவோர், மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலியிட்டுக் காக்கப்படும் முதிய ரப்பர் மரத்தைக் காணாமல் திரும்புவதில்லை. 1877-ஆம் ஆண்டில் இவ்வூரில் நடப்பெற்ற ஒன்பது கன்றுகளின் நினைவாக அம்மரம் போற்றப்படுகின்றது. நம் பாட்டனும் பாட்டியும் கப்பலேறி வந்ததற்குக் காரணமான மரம் என்பதால், நம்மவர் அதனை நோக்கும் நோக்கில் பெருமிதமும் உண்டு, பெருமூச்சும் உண்டு. ஆனால், அக்கன்றுகள் நடப்பெறுவதற்கு ஓராண்டு முன்னரே இம்மண்ணில் வேறொன்று நடப்பெற்றது. அதனை நினைப்பார் இன்று மிகச் சிலரே. அதுதான் தந்திக் கம்பம்.

1875-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பாசிர் சாலாக்கில் பேராவின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டான பர்ச் கொல்லப்பட்டார். அதனைத் தொடர்ந்து போர் மூண்டது. அது தணிந்த 1876-ஆம் ஆண்டில், கோலா கங்சாரிலிருந்த ரெசிடெண்டின் இல்லத்தையும் தைப்பிங்கிலிருந்த துணை ரெசிடெண்டின் இல்லத்தையும் இணைத்து ஒரு தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. இந்நாட்டுத் தொலைத்தொடர்பு வரலாற்றில் முதல் தந்தித் தடமாகக் குறிக்கப்படுவது இதுவே. நீளம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். இடையில் காடும் மலையும் புக்கிட் பெராபிட் கணவாயும் குறுக்கிட்டன.

இன்று அதே வழியில் நெடுஞ்சாலை செல்கின்றது, தொடர்வண்டி செல்கின்றது, கண்ணுக்குப் புலனாகாத அலைகள் ஆயிரமாயிரம் செய்திகளைச் சுமந்து செல்கின்றன. கம்பியில் தொடங்கிய பயணம் காற்றுக்கு மாறிவிட்டது. இப்பயணத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடித்தவர் பெயரையும் திறந்து வைத்தவர் பெயரையும் எழுதி முடித்துவிடுகின்றனர். கண்டுபிடித்தது ஒரு நாள். திறந்து வைத்தது ஒரு நாள். எஞ்சிய நாள்களிலெல்லாம் அதனை அறுந்துபோகாமல் காத்தவர் யார்? அறுந்தபோது அறுந்த இடத்தை எவ்வாறு கண்டறிந்தனர்? தகவல் தொடர்பின் மெய்யான வரலாறு இவ்வினாக்களில்தான் அடங்கியுள்ளது என்பது என் கருத்து. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கம்பியின் காலம்

மழைக்காட்டில் இழுக்கப்பட்ட தந்திக் கம்பிக்குப் பகைவர் பலர். மரம் சாய்ந்தால் கம்பி அறும். கொடி படர்ந்து கம்பியைத் தொட்டால், மின்னோட்டம் அக்கொடி வழியாக மண்ணுக்குள் கசிந்துவிடும். இடி விழுந்தால் கருவி கருகும். செய்தி சேரவில்லை என்றதும் நிலையத்தில் இருப்பவருக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: எங்கோ ஏதோ கெட்டுவிட்டது. எங்கே என்பது தெரியாது. 40 கிலோமீட்டரையும் நடந்து பார்ப்பது ஒரு வழி. அறிவுடையோர் வேறு வழி கண்டனர். தடத்தின் நடுவிடத்திற்குச் சென்று சோதித்தனர். அங்கிருந்து ஒரு புறம் செய்தி சென்றால் பழுது மறுபுறத்தில் உள்ளது என்று பொருள். பழுதுள்ள பாதியை மீண்டும் இரண்டாக்கிச் சோதித்தனர். 40 கிலோமீட்டர் 20 ஆகும், 20 பத்தாகும், பத்து ஐந்தாகும். ஆறு முறை சோதித்தால், தேட வேண்டிய தொலைவு ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்துவிடும். இம்முறை எளியது, ஆயினும் ஆழமானது. இன்றைய கணினி வலையமைப்பின் பொறியாளரும் இதனையே செய்கின்றார் என்பதைப் பின்னர்க் காண்போம்.

மலாயாவின் இருப்புப்பாதை, அஞ்சல், தந்தி ஆகிய துறைகளில் யாழ்ப்பாணத்தினின்று வந்த தமிழர் பலர் எழுத்தராகவும் நிலையப் பணியாளராகவும் உழைத்தனர். சாலை வெட்டவும் இருப்புப்பாதை அமைக்கவும் தமிழகத்திலிருந்து வந்தோர் மண்வெட்டி பிடித்தனர். ஆகவே, செய்தியைக் கொண்டு சேர்த்த வரலாற்றில் நம் இனத்தின் வியர்வையும் கலந்துள்ளது.

மற்றொரு பாடமும் அக்காலத்தில் கிடைத்தது. 1858-ஆம் ஆண்டில் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் முதல் தந்தி வடம் இடப்பட்டது. அவ்வடத்தின் செம்புக் கம்பிக்கு உறையாக அமைந்தது மலாய்த் தீவுகளின் காடுகளில் விளைந்த கெத்தா தாபான் மரத்தின் பால் என்பது நமக்கு வியப்பளிக்கும் செய்தி. பிரிட்டிஷ் அரசி அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய 98 சொற்களைக் கொண்ட வாழ்த்துச் செய்தி சென்று சேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று. சமிக்கை மெலிந்து வருவதைக் கண்ட வைட்ஹவுஸ் என்பார், மேலும் மேலும் மின்னழுத்தத்தைக் கூட்டினார். ஏற்கெனவே நலிந்திருந்த வடம் சில வாரங்களிலேயே செயலிழந்தது. பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் தாம்சனோ, உரக்கப் பேசுவதைவிட நுட்பமாகக் கேட்பதே தக்கது என்று கூறி, மிக மெல்லிய மின்னோட்டத்தையும் உணரும் கருவியை உருவாக்கினார். 1866-ஆம் ஆண்டில் நிலையான வடம் அமைந்தபோது வென்றது தாம்சனின் நெறியே. குரல் எட்டவில்லை என்றால் கத்துவது பேதைமை. செவியைக் கூர்மையாக்குவது அறிவு. வகுப்பறையில் நின்று பழகிய ஆசிரியர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை.

காற்றின் காலம்

கணினிகள் கம்பியின்றிப் பேசத் தொடங்கியது 1971-ஆம் ஆண்டில் ஆகும். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்மன் ஏப்ராம்சன் என்னும் பேராசிரியரும் அவர்தம் குழுவினரும், தீவுகளில் சிதறிக் கிடந்த கிளைகளைத் தலைமைக் கணினியோடு வானொலி அலைகளால் இணைத்தனர். அதற்கு அலோஹா வலையமைப்பு என்று பெயர். இதில் ஓர் இடர் எழுந்தது. காற்று பொதுவுடைமை. ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் பேச்சும் சிதைந்துவிடும். ஏப்ராம்சன் கண்ட தீர்வு இது: செய்தி பெற்றதற்கான ஒப்புகை வராவிடில், ஒவ்வொருவரும் தத்தமக்கு வாய்த்த சிறிது நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்ப வேண்டும். காத்திருக்கும் நேரம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் மறுமுறை மோதல் நேர்வது அரிது. ஆயினும், கூட்டம் பெருகப் பெருக மோதலும் பெருகும். அம்முறையில் அலைவரிசையின் முழுத் திறனில் ஏறத்தாழ 18 விழுக்காடு வரையே பயன்கொள்ள இயலும் என்பதைக் கணிதம் காட்டிற்று.

நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் ஆசிரியர் வினா எழுப்பியதும் அனைவரும் ஒருசேர விடை கூறினால் என்ன ஆகும்? ஒருவர் விடையும் செவியில் விழாது. எனவே, பேசுமுன் பிறர் பேசுகின்றாரா என்று செவிமடுத்துப் பின்னர்ப் பேசும் முறை வந்தது. இதிலும் ஓர் இடர் இருந்தது. வகுப்பின் இரு கோடிகளில் உள்ள மாணவர் இருவர் ஒருவர் குரலை மற்றவர் கேட்க இயலாத நிலையில் இருந்தால், இருவரும் அமைதி நிலவுவதாகவே எண்ணி ஒரே நேரத்தில் பேசுவர்; நடுவில் நிற்கும் ஆசிரியர்க்கு இரைச்சலே மிஞ்சும். மறைந்திருக்கும் நிலையத்தின் இடர் என இதனைக் கிளைன்ராக், டோபாகி ஆகிய அறிஞர் இருவர் 1975-ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதினர். இன்றும் பெரிய மண்டபங்களிலும் பள்ளிகளிலும் வைஃபை தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1985-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு, உரிமம் இன்றிப் பயன்படுத்தத்தக்க சில அலைவரிசைகளைத் தகவல் தொடர்புக்குத் திறந்துவிட்டது. அவற்றுள் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி. உணவைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் இப்பகுதியிலேதான். 1997-ஆம் ஆண்டில் நாம் இன்று வைஃபை என வழங்கும் முறைக்கு முதல் தரநிலை வகுக்கப்பட்டது. 1999-இல் அது விரைவு பெற்று மக்களிடையே பரவிற்று.

ஒரு வீட்டிற்கு ஒரு பெட்டி போதும். ஓர் ஊரையோ பெரிய கல்விச்சாலையையோ இணைப்பது வேறு வகைப் பணி. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1993-ஆம் ஆண்டில் இம்முயற்சியைத் தொடங்கிற்று. அலெக்ஸ் ஹில்ஸ் என்பாரின் தலைமையில் நிகழ்ந்த அம்முயற்சி, அப்பல்கலைக்கழக வளாகம் முழுவதையும் கம்பியின்றி இணைக்கும் நிலையை 1999-இல் எய்தியது. அங்கு அவர்கள் கற்ற பாடம் இன்றும் மாறவில்லை. அலைபரப்பிகளைத் தொலைவில் வைத்தால் இடையே இருட்டுப் பகுதிகள் தோன்றும்; நெருங்க வைத்தால் ஒன்றன் குரல் மற்றொன்றன் காதை அடைக்கும். செங்கற் சுவரின் தன்மை வேறு. இரும்புக் கதவின் தன்மை வேறு. வரைபடத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. கையில் கருவியுடன் ஒவ்வோர் அறையாக நடந்து அளந்தறிய வேண்டும். தந்திக் கம்பியின் வழியே நடந்த பணியாளர் மீண்டும் இங்குத் தோன்றிவிட்டார் அன்றோ!

பழுதைத் தேடும் கருவிகளுள் எளியதும் புகழ் மிக்கதும் பிங் என்பதாகும். அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வகம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் இதனை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் ஒலிக்கருவியின் ஓசையே இதன் பெயராயிற்று. ஒரு கணினியை நோக்கி “இருக்கின்றாயா?” என்று இது வினவும், மறுமொழி வந்தால் எவ்வளவு நேரத்தில் வந்தது என்று கூறும். முதலில் அருகிலுள்ள பெட்டியை வினவ வேண்டும். அடுத்துப் பள்ளியின் வாயிலாக அமைந்த ரௌட்டரை வினவ வேண்டும். அதன்பின் வெளியுலகை வினவ வேண்டும். எந்தப் படியில் மறுமொழி நிற்கின்றதோ அந்தப் படியில் பழுது உள்ளது. பாதி பாதியாகப் பிரித்துத் தேடிய தந்திக்காரரின் முறைக்கும் இதற்கும் வேறுபாடு யாது?

நம் நாட்டின் முயற்சிகள்

மலேசியாவில் 1992-ஆம் ஆண்டில் ஜாரிங் வழியாக இணையச் சேவை தொடங்கிற்று. அப்பத்தாண்டின் இறுதியில், சரவாக்கின் மேட்டுநிலத்தில் உள்ள பாரியோ என்னும் ஊரை இணைக்க மலேசிய சரவாக் பல்கலைக்கழகம் முயன்றது. அவ்வூருக்கு அன்று தரைவழியாகச் செல்வதே அரிது. கெலாபிட் மக்கள் வாழும் அவ்வூருக்குச் செயற்கைக்கோள் வழியாகவும் சூரிய ஒளி மின்சாரத்தாலும் இணையம் சென்று சேர்ந்தது. பள்ளிகளை நாடளாவிய நிலையில் இணைக்க 2004-ஆம் ஆண்டில் ஸ்கூல்நெட் திட்டம் வந்தது. அதனை அடுத்து 2011-ஆம் ஆண்டில், ஏறத்தாழ 10,000 அரசுப் பள்ளிகளைக் கம்பியில்லா வலையமைப்பாலும் ஒரே கற்றல் தளத்தாலும் இணைக்கும் 1பெஸ்தாரிநெட் திட்டம் உருப்பெற்றது. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட நம் தமிழ்ப்பள்ளிகளும் இவ்வரலாற்றின் பங்காளிகளே.

1பெஸ்தாரிநெட் திட்டத்தின் முதற்கட்டத்திற்கு 663 மில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை இத்திட்டத்தை ஆராய்ந்தபோது, கற்றல் தளத்தைப் பயன்படுத்திய மாணவர், ஆசிரியர், பெற்றோர் அளவு எப்பிரிவிலும் 5 விழுக்காட்டை எட்டவில்லை என்று சுட்டியது. 2019-ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் திட்டம் முடிவுற்றது. கற்றல் தளமும் மாற்றப்பட்டது. 2020-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் டெலிமா என்னும் புதிய தளம் அறிமுகம் கண்டது. இவற்றில் குற்றம் எவருடையது என்று தீர்ப்புக் கூறுவது என் பணியன்று. ஆசிரியன் என்ற முறையில் நான் காண்பது ஒன்று. கோபுரம் எழுந்ததா, கருவி வந்ததா என்று எண்ணிக் கணக்கெடுப்பது எளிது. வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்துள்ள மாணவன் பாடத்தைத் திறந்து படித்தானா என்று கணக்கெடுப்பது கடினம். நாம் எளியதை எண்ணிவிட்டுக் கடினமானதை விட்டுவிடுகின்றோம்.

தேனி தந்த பாடம்

இவ்வகையில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய ஓர் எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் உள்ளது. 1976-ஆம் ஆண்டில் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உலகறிந்தது. அதன் கிளை ஒன்று தேனியில் உள்ளது. சிற்றூர் மக்கள் கண் நோய்க்காக நகரம் வரை அலைவதைத் தவிர்க்க, சுற்றுவட்டாரத்தில் கண் நல மையங்கள் அமைக்கப்பட்டன. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியைச் சோதிப்பார். தேனியில் இருக்கும் மருத்துவர் காணொளி வழியாக நோயாளியோடு உரையாடுவார். இவ்விணைப்பைக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த எரிக் புரூவர் என்னும் பேராசிரியரின் ஆய்வுக் குழுவினர் மருத்துவமனையோடு சேர்ந்து உருவாக்கினர். மலிவான வைஃபைக் கருவிகளையே உயர்ந்த கம்பங்களில் பொருத்தி, 15 கிலோமீட்டர் தொலைவு வரை செய்தி செல்லச் செய்தனர்.

வைஃபை முதலில் அறைக்குள் பேசுவதற்கென வகுக்கப்பட்டது. அனுப்பியவர் ஒப்புகைக்காக நொடியின் மிகச் சிறு பகுதியே காத்திருப்பார். தொலைவு கூடினால் ஒப்புகை திரும்பி வருவதற்குள் பொறுமை தீர்ந்து, செய்தி தொலைந்தது எனக் கருதி மீண்டும் அனுப்பத் தொடங்குவார். ஆகவே, காத்திருக்கும் விதிகளையே அக்குழுவினர் மாற்றி அமைத்தனர். 2007-ஆம் ஆண்டில் வெனிசுவேலாவின் மலைகளுக்கிடையே 382 கிலோமீட்டர் தொலைவுக்கு வைஃபை இணைப்பை ஏற்படுத்திக் காட்டவும் இத்தகைய அறிவு துணை நின்றது.

ஆனால், 2008-ஆம் ஆண்டில் அக்குழுவினர் தம் அனுபவத்தை ஆய்வுரையாக வெளியிட்டபோது, வியப்புக்குரிய உண்மை ஒன்றைக் கூறினர். அவர்களை வாட்டியது அலைகளின் நுட்பமன்று, மின்சாரம்! சிற்றூர்களுக்கு வந்த மின்னோட்டம் திடீரெனத் தாழ்வதும் திடீரென எகிறுவதுமாக இருந்தது. கருவிகள் எரிந்தன, நினைவகங்கள் சிதைந்தன, மின்கலங்கள் முழுதும் வற்றிப்போய்க் கெட்டன. கருவி பாதி உயிருடன் தத்தளிப்பதும் உண்டு. அவ்வேளையில் தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு அலைவரிசையில் பழுது போலவே தோன்றும். எனவே, மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் கருவி தானாக அணைந்து, மின்சாரம் சீரானபின் தானாக எழும் வகை செய்தனர். ஒவ்வொரு நிலையமும் தன் நலத்தைத் தானே நாள்தோறும் தலைமையிடத்திற்கு அறிவிக்கும் ஏற்பாடும் செய்தனர். அனைத்திற்கும் மேலாக, மருத்துவமனைப் பணியாளர்க்கே பழுது பார்க்கும் பயிற்சி அளித்தனர். அமெரிக்காவிலிருந்து பொறியாளர் வரும் வரை நோயாளி காத்திருக்க இயலுமா?

நோயை இன்னதென அறிந்து, அதன் காரணத்தைத் தேடி, தீர்க்கும் வழியை ஆராய்ந்து, அதன்பின் செயற்படுமாறு மருத்துவனுக்கு வழி வகுத்தவர் வள்ளுவர். கண் மருத்துவர்தம் வலையமைப்பும் அந்நெறியாலேயே உயிர் பெற்றது எனலாம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குறைநீக்கல் போதனையைக் கற்ற நாளில் எங்கள் விரிவுரைஞர் இதே நெறியைத்தான் வற்புறுத்தினார். பெருக்கலில் பிழை செய்யும் மாணவனுக்குப் பத்து பெருக்கல் கணக்குகளை மேலும் கொடுப்பது மருந்தன்று. அவன் எந்தப் படியில் பிழைக்கின்றான் என்று அறிவதே மருந்து.

எங்கள் பள்ளியில் நேர்ந்தது

கற்றதைக் கடைப்பிடிப்பது எளிதன்று என்பதற்கு நானே சான்று. 2022-ஆம் ஆண்டில் எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் நிதி திரட்டி ஐந்து வைஃபைப் பெட்டிகளை வாங்கித் தந்தனர். சில கிழமைகளுக்குப்பின் ஒரு தொல்லை முளைத்தது. ஓய்வு நேரத்திற்குப் பிறகு மாணவர் தட்டைக் கணினிகளைத் திறந்தால் சில இணையும், சில இணையா. “லைன் சரியில்லை” என்பதே எல்லார் வாயிலும். சேவை நிறுவனத்தாரை அழைத்தோம். அவர்கள் வந்து சோதித்து, வாயில் வரை குறையேதும் இல்லை என்று கூறிச் சென்றனர். நான் நம்பவில்லை. புதிய பெட்டிகள் இரண்டு வாங்கினால் தீரும் என்று எண்ணினேன். அட்லாண்டிக் வடத்தில் மின்னழுத்தத்தைக் கூட்டிய வைட்ஹவுஸின் பிழையே அது.

எங்கள் இளம் ஆசிரியர் ஒருவர் மட்டும் ஒரு குறிப்பேட்டை எடுத்து, பழுது நேரும் நாள், நேரம், அறை, கருவி ஆகியவற்றை மூன்று கிழமைகள் எழுதி வந்தார். ஐந்து பெட்டிகளும் ஒரே தடத்தில் பேசுவதை முதலில் கண்டார். 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. அவற்றைப் பங்கிட்டு அமைத்தார். அடுத்து, ஆசிரியர் அறையின் மைக்ரோவேவ் அடுப்புக்கு மேலேயே ஒரு பெட்டி பொருத்தப்பட்டிருந்ததைக் கண்டு இடம் மாற்றினார். வேகம் கூடிற்று. ஆயினும், சில கருவிகள் இணையாத தொல்லை தீரவில்லை. ஒரு நாள் என் அறைக்கு வந்தவர் தயங்கித் தயங்கி, “ஐயா, நீங்கள் மாவட்டக் கல்வி அலுவலகக் கூட்டத்திற்குச் செல்லும் நாள்களில் மட்டும் இத்தொல்லை இல்லை” என்றார்.

என் மேசைக்குக் கீழே, என் வீட்டிலிருந்து கொணர்ந்த பழைய ரௌட்டர் ஒன்று இருந்தது. அறையில் அலை மெலிந்திருந்ததால், யாரிடமும் கூறாமல் அதனைச் சுவரிலுள்ள இணைப்பில் செருகியிருந்தேன். காலையில் வந்ததும் விளக்கோடு அதனையும் போடுவேன், புறப்படும்போது அணைத்துவிடுவேன். வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வழங்கப்படும். அதனை வழங்க ஒருவரே இருக்க வேண்டும். ஒரு தோட்டத்தில் இரண்டு கிராணிகள் இருந்து, லயத்து வீடுகளுக்கு ஆளுக்கொரு வகையாக எண் கொடுத்தால் கடிதம் போய்ச் சேருமா? ஓய்வு நேரம் முடிந்து மீண்டும் உயிர்பெற்ற கருவிகளுள் சில பள்ளி ரௌட்டரிடம் முகவரி பெற்றன. சில என் மேசைக்கடியில் இருந்ததனிடம் பெற்று வழிதெரியாமல் நின்றன. அன்றே அதனைக் கழற்றினேன், பழுது நின்றது. புதிய பெட்டிகளுக்குச் செலவாக இருந்த பணம் மிஞ்சியது.

என் தவறு வெளிப்பட்டதில் எனக்கு நாணம் இருந்தது. அதனினும் மிக்க மகிழ்ச்சி, தலைமையாசிரியரிடம் வந்து உண்மையைக் கூறும் துணிவு அவ்வாசிரியர்க்கு இருந்ததே என்பதில்தான். உண்மையைச் சொல்ல அஞ்சும் இடத்தில் எந்த வலையமைப்பும் செம்மையுறாது.

கடைசி முனை

இதனினும் பெரிய தவறு ஒன்றையும் கூறி முடிக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது பள்ளிகள் அடைக்கப்பட்டன. பாடங்கள் இணையத்திற்கு மாறின. மாணவருள் 36.9 விழுக்காட்டினர்க்கு எவ்வகை மின்னியல் கருவியும் இல்லை என்று கல்வி அமைச்சின் கணக்கெடுப்பு அப்போது தெரிவித்தது. சபாவில் ஒரு மாணவி தேர்வெழுதுவதற்காக மரத்தின் மேலேறி இரவைக் கழித்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அச்செய்தியைப் படித்து வருந்திய நான், என் பள்ளியில் இணைய வகுப்புக்கு வாராத ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் பெயருக்கு எதிரே, “ஒத்துழைப்பு இல்லை” என்று எழுதியிருந்தேன்.

கட்டுப்பாடு தளர்ந்தபின் அவள் வீட்டுக்குச் சென்றேன். துண்டாடப்பட்ட பழைய தோட்டம். பால்மரம் போய்ச் செம்பனை நின்றது. என் கைப்பேசியை எடுத்து நோக்கினேன். அலை நன்றாகவே வந்தது. என் ஐயம் உறுதியாயிற்று. அப்போது அவள் தாயார் கூறினார்: வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. அதனைத் தந்தையார் வேலைக்குக் கொண்டு செல்கின்றார். இரவு எட்டு மணிக்குமேல்தான் திரும்புகின்றார். அப்பிள்ளை ஒவ்வோர் இரவும் அன்றைய பாடத்தைத் திறந்து, நோட்டில் பார்த்தெழுதி வைத்திருந்தாள். அந்நோட்டுகளை என்முன் கொண்டுவந்து வைத்தாள். நான் எழுதிய இரண்டு சொற்களை அன்றிரவே அடித்தேன்.

அலை இருந்தது; இணைப்பு இல்லை. நாட்டின் வரைபடத்தில் அவ்வீடு இணைக்கப்பட்ட வீடாகவே காட்டப்பட்டிருக்கும். எந்தக் கருவியாலும் அப்பழுதைக் கண்டறிந்திருக்க இயலாது. தடத்தின் கடைசி முனை வரை நடந்து சென்றால் மட்டுமே அது கண்ணில் படும்.

ஆகவே, நம் பள்ளிகளுக்கு நான் முன்வைப்பன சிலவே. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு பழுதுப் பதிவேடு இருக்கட்டும். எந்தப் பெட்டி எங்கே உள்ளது, யார் பொருத்தினார் என்பதைக் காட்டும் வரைபடம் ஒன்று அலுவலகச் சுவரில் தொங்கட்டும். கருவி வாங்க நிதி திரட்டும்போதே அதனைப் பேணுவதற்கும் ஒரு பகுதியை ஒதுக்குவோம். ஆசிரியர் பயிற்சிக் கழகங்களில் கருவியை இயக்கக் கற்பிப்பதோடு, கெட்டால் படிப்படியாகத் தேடவும் கற்பிக்கட்டும். பிள்ளை வரவில்லை என்றால், அவள்மீது குற்றம் எழுதுமுன் கடைசி முனை வரை ஒருவர் சென்று பார்த்து வரட்டும்.

கோலா கங்சாரிலிருந்து தைப்பிங் வரை அன்று இழுக்கப்பட்ட கம்பி இன்று இல்லை. அக்கம்பியைக் காத்தவர்களின் பெயர்களும் நமக்குக் கிட்டவில்லை. ஆயினும், மழையிலும் சேற்றிலும் நடந்து, அறுந்த இடத்தைத் தேடிக் கண்டு, முடிச்சிட்டுத் திரும்பிய அவர்களின் வேலை முடியவில்லை. அது இப்பொழுது நம் கைக்கு வந்துள்ளது.